அரைப் பேர்

சேரம்பாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்காருபவள் நான்.
எனக்குத் தெரிவது கைகள்.
முகம் வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

சன்னாசியின் கை தெரியும்.
தேயிலை ஃபேக்டரி ரோலர் தின்றது போக
மிச்சமிருக்கும் பாதிச் சுண்டுவிரல்.
மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்கும் கை
ஆடி மழையில் ஒருநாள்
சீட்டுக்குப் பதிலாக
ஒரு பிடி கொழுந்தை நீட்டியது.
"பேர் போடுங்க."

டாக்டர் இளவேனிலுக்கு மன்னார்குடி.
"யார் பேரை?" என்று கேட்டார்.
பவளக்கொடிதான் சொன்னாள்:
தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலை.
மழைக்குப் பாதியில் திரும்பினால் அரைப் பேர்.
"இவருக்கு இப்ப எல்லா நாளும் அரைதான், டாக்டரம்மா."

பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.
விடிகாலை மூணு மணிக்குச் சங்கு ஊதுகிறதாம் அவருக்கு.
ஃபேக்டரி மூடி எத்தனையோ வருஷம்.
யானை இறங்கும் சதுப்பில் நின்றவரை
இரண்டு தடவை கூட்டிவந்து விட்டவன்
வனக்காவலர் கேத்தன்.
அதை அவன் ரேஞ்சரிடம் சொன்னான், எங்களிடம் இல்லை.
கால் இழுப்பதை ஜெரோம் பார்த்திருந்தார்,
முட்டிக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது.
நர்ஸ் சுலைகாவிடம் சர்க்கரை அளவு.
என்னிடம் பிரஷர்.
ஐந்து ரிஜிஸ்டரில்
ஐந்து துண்டாகக் கிடந்தார் மனுஷன்.

ஒரு வியாழன், ஓ.பி. முடிந்து
எல்லோரையும் உட்காரச் சொன்னார் டாக்டர்.
சேற்றுச் செருப்போடு வாசலில் நின்ற கேத்தனுக்கும்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
ராத்திரி வெளியே பூட்டு போடலாம் என்றார் ஜெரோம்.
"பூட்டினா லயத்தையே இடிப்பார்."
பவளக்கொடி சிரிக்கவில்லை.

சுலைகா பையைக் கவிழ்த்தாள்.
கட்டிலுக்கடியில் பொறுக்கியவை,
சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள்.
அரிப்புக்காக கூடலூர்க் கடையில் வாங்கியது,
தினம் இரண்டு, மூணு மாசமாய்.

அந்த மாத்திரையை எனக்குத் தெரியும்.
எழுபது வயது மூளையில் அது இறக்கும் பனிமூட்டமும் தெரியும்.
வெளியில் வேறென்ன வாங்குகிறீர்கள் என்று
அந்தக் கையிடம்
ஒருநாளாவது கேட்டேனா?
அன்று நான் குடிக்காமல் விட்ட டீ
ஆடை கட்டிப் போனது.

நிறுத்தினோம்.
மறதி நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
பெண்டாட்டியை இன்னமும்
'கங்காணி வீட்டு அக்கா' என்கிறார்.
சுவரில் ஆட்கள் ஏறுவது மட்டும் குறைந்தது.
சாயங்காலம் நாலு மணிக்கு ஜெரோம்
பழைய ஃபேக்டரி கேட் வரை நடத்திக் கூட்டிப்போகிறார்,
ஷிப்டு முடிந்ததென்று திரும்பி வருகிறார்கள்.
கதவுத் தாழ்ப்பாளில் ஆட்டு மணி கட்டிய கேத்தன்
தன் நம்பரைக் கரியால் சுவரில் எழுதினான்,
அடுப்படியிலிருந்தே தெரிகிற பெரிசு.
ஊட்டி ஆஸ்பத்திரியில் தேதி இரண்டு மாசம் தள்ளி,
பஸ்ஸில் அரைநாள்.

அதுவரைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு,
லயத்துச் சுவரில், அரிசிச் சாக்குக்கு மேல், ஆணியில்.
யார் போனாலும் எழுதுவது.
டாக்டர் கையெழுத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.
எழுதத் தெரியாத பவளக்கொடி
அவர் தூங்கிய ராத்திரிக்குக் கோடு,
நடந்த ராத்திரிக்கு வட்டம்.
மார்கழியில் கோடு கோடாக வந்தது.
தையில் மறுபடியும் வட்டங்கள்.
ஏன் என்று ஐந்து பேரும் யோசிக்கிறோம்.

நேற்று ஜன்னலில் அதே கை.
குனிந்து பார்த்தேன்.
"பேர் போடுங்க."
பவளக்கொடி கொண்டுவந்த நோட்டைத் திறந்து
சன்னாசி என்று எழுதினேன்.
"முழுசா?"
"முழுசுதான்."

ஒரு நிமிஷம் நின்றார்.
பின்னால் மஞ்சப்பையோடு நின்றவளைக் காட்டி
ரகசியம் போல் சொன்னார்:
"இந்தம்மாவுக்கும் போட்டுடுங்க.
யாருன்னு தெரியல.
ராத்திரியெல்லாம் வேலை பாக்குது."